நரிமறிச்சான் ஓடைக்கு எந்தக் காலம்?

முனைவர் கூடலழகன் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அவருடைய விசிட்டிங் கார்டைத்தான். இதை யாரோ பொறாமையில் கிளப்பிவிடவில்லை. அவரே மேடைக்கு மேடை சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு, "அப்படியெல்லாம் இல்ல சார், நீங்க பெரிய ஆளு" என்று யாராவது மறுப்பார்களா என்று கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். இதுவரை ஒருத்தரும் மறுக்கவில்லை. அந்த வருத்தம் அவருக்கு உண்டு.

கார்டில் இருப்பது எதுவும் பொய்யில்லை. தமிழ் இலக்கணத்தில் தங்கப் பதக்கம். பிறகு புத்தி தெளிந்து நிலவியல் படித்து அதில் முனைவர் பட்டம். பிறகு அரசு அங்கீகாரம் பெற்ற நீர்நிலை மதிப்பீட்டாளர். இவ்வளவும் படித்துவிட்டு அவர் பார்க்கும் உத்தியோகம், ஓர் இயந்திரத்தை ஜீப்பிலிருந்து இறக்கி வைப்பது. அது வேலை முடித்ததும் தூக்கி ஏற்றுவது. நடுவில் அதற்குக் குடை பிடிப்பது. வெயிலில் இயந்திரத்துக்குச் சூடு ஏறக்கூடாதாம். முனைவருக்கு ஏறலாமா என்று எந்த விதியிலும் எழுதவில்லை.

விஷயம் இதுதான். சூரிய மின்நிலையம் போட ஓரிடத்தில் நிலம் கேட்டால், முதலில் அங்கே ஓடை உண்டா, ஈரநிலம் உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் மனிதர்கள் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த லட்சணத்தில், ஆளைப் பொறுத்து ஓடை தோன்றியது, மறைந்தது. போதுமடா சாமி என்று சட்டத்தை மாற்றி, தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். மனிதனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு பொறுப்பு. அந்தந்த வட்டாரத்துப் பேச்சை இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிற இலக்கணத்தை அதற்கு ஊட்டிவிட வேண்டும். தங்கப் பதக்கம் கடைசியில் அதற்குத்தான் உதவியது.

இயந்திரத்துக்கு ஆறு கால். பக்கவாட்டில் நடக்கும். போன ஊர்களிலெல்லாம் அதற்கு நண்டு என்றுதான் பெயர். அதற்கு ஒரு குரல் வேண்டும் என்றபோது கூடலழகனே முன்வந்து தன் குரலைப் பதிந்து கொடுத்திருந்தார். "வீட்ல ஒண்ணு போதாதா?" என்று கேட்டாள் அவர் மனைவி. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இப்போது நண்டு மேல ஓடைக்கரைப்பட்டியில் கரிசல் காட்டுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. ஆடிக்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. கூடலழகன் ஒரு கையில் குடையையும் மறு கையில் மூக்குக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவி மாரீஸ்வரி. டெய்லர் கடை வைத்திருப்பவள், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே வந்துவிட்டாள். அந்தப் பக்கம் மின்நிலையக் கம்பெனியின் இஞ்சினியர் கார்வேந்தன், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். டீக்கடை ஞானதுரை பிளாஸ்க்கோடு வந்திருந்தான். ஊர்க்காரர்கள் கொஞ்சம் தள்ளி, நண்டு பாய்ந்தால் ஓடுவதற்கு வசதியாக நின்றார்கள்.

"சார், இது கடிக்குமா?" என்றாள் மாரீஸ்வரி.

"வணக்கம். அஞ்ச வேண்டாம்" என்றது நண்டு.

மாரீஸ்வரி நண்டைப் பார்த்தாள், கூடலழகனைப் பார்த்தாள். "நீங்களா சார் பேசுனீங்க?"

"குரல் என்னோடது. பேச்சு அதோடது."

நண்டு காலை ஊன்றி மண்ணுக்குள் அலையை அனுப்பியது, ஊசியை இறக்கியது, பக்கவாட்டில் நகர்ந்து இன்னோர் இடத்தில் இறக்கியது. அதன் முன்னால் இருந்ததுதான் நரிமறிச்சான் ஓடை. பெயரைக் கேட்டு ஏதோ பெரிதாக எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். காட்டின் நடுவே முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம் போனது, அவ்வளவுதான். உள்ளே சீமைக்கருவேலம் அடர்ந்து, நடுவில் ஓர் ஆடு நின்று நெற்று பொறுக்கிக்கொண்டிருந்தது.

"மண் ஆதாரம் போதாது" என்றது நண்டு.

"போதாதுன்னா?"

"கரிசல் மண்ணும்மா" என்று கூடலழகன் வகுப்பெடுக்க ஆரம்பித்தார். "கோடையில வெடிக்குது, மழையில ஊதிக்கிது. தண்ணி போன தடத்தை அதுவே மூடிடுது. ராடார் அலையை விட்டா களி அப்படியே குடிச்சிடுது."

"மேல இருந்து போட்டோ எடுக்காங்களே, சேட்டிலைட்டு?"

"எடுத்திருக்கு. ஆனா ஓடை ஓடுற அன்னைக்கு வானம் பூரா மேகம்ல நிக்கும்? போட்டோவுல மேகந்தான் இருக்கு. மேகம் விலகி எடுக்கிறப்போ ஓடை வத்திப்போச்சு."

"அப்பம் எங்க ஓடைய ஒருத்தரும் பாக்கலைங்கீங்க."

"நீங்க பாத்திருக்கீங்கள்ல? அதான் சாட்சி. ஊர்ல மூணு பேர் சொல்லணும். நண்டு கேட்டுத் தீர்ப்புச் சொல்லும்." குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வதைப் போல, "ஆனா பழங்கதை ஆகாது. அந்தக் காலத்துல கரைபுரண்டு ஓடுச்சு, யானை குளிச்சுச்சுன்னு ஆரம்பிச்சா ஏத்துக்காது. ஊருக்கு ஊரு அதையே சொல்லிச் சொல்லி, கோர்ட்டுக்கே சலிச்சுப் போச்சு. அதனால சட்டம் என்ன சொல்லுதுன்னா, இறந்தகாலத்துல சொன்னா அது செத்த ஓடை. எதிர்காலத்துல சொன்னா அது வெறும் எதிர்பார்ப்பு. நிகழ்காலத்துல சொன்னாத்தான் உயிரோட இருக்கிற ஓடை."

"பேசுறதுல இம்புட்டு இருக்கா?" என்றாள் மாரீஸ்வரி.

"இலக்கணம்மா" என்று கூடலழகன் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார்.

மாரீஸ்வரி கிழக்கே கையை நீட்டினாள். பள்ளம் வளைந்து போகும் இடத்துக்குக் கீழே ஒரே அச்சில் வார்த்த அரசாங்க வீடுகள் தெரிந்தன. "அது கிழக்குத் தெரு. ஓடை அந்தத் தெருவ ஒட்டி வளைஞ்சு கம்மாய்க்குப் போயிருது. இங்கன மேல மண்ணடிச்சு மூடி கம்பெனிக்காரங்க சோலார் கண்ணாடிய நட்டுட்டாங்கன்னு வைங்க, தண்ணி வளையாது. நேரா தெருவுக்குள்ளதான். கடைசி வீடு எங்க அக்கா வீடு, செல்லத்தாய்னு பேரு. இடுப்புக்குக் கீழ விளங்காது அவளுக்கு. அத்தான் வெளியூர்ல. ராத்திரி தண்ணி வந்தா யாரு தூக்குவா?"

"அப்ப பிளாண்ட்டே வேண்டாங்கிறீங்களா?" என்றார் கூடலழகன்.

"அய்யய்யோ, வேணும் சார்! எங்க புள்ளைக அஞ்சாறு பேருக்கு வேலை தாரோம்னு சொல்லியிருக்காங்க. ஓடைய மட்டும் விட்டுட்டுப் போடட்டும்."

"எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லைங்க" என்றான் கார்வேந்தன். "ரிப்போர்ட்ல ஓடைன்னு வந்துச்சுன்னா வேலியை அந்தப் பக்கம் தள்ளிருவோம். வரலைன்னா மூடித்தான் ஆகோணும். இல்லாத ஓடைக்கு எதுக்கு இடம் விட்டேன்னு மேல இருக்கறவங்க என்னைத்தானுங்க கேப்பாங்க."

ஆக, எல்லாம் மூன்று பேரின் வாயில் இருந்தது.

முதலில் அழகர்சாமி வந்தார். பள்ளத்தில் நிற்கிற ஆடு அவருடையதுதான். நண்டுக்கு ஒரு கும்பிடு போட்டார். "ஓடையா? வரும். ஐப்பசிக் கடைசியில ரெண்டு மழ கனமா பேஞ்சா வரும். வந்தா நரி கூட இந்தக் கரையில மறிச்சு நின்னுரும், அதான் அந்தப் பேரு. ஆடு அக்கரையில மாட்டிக்கிட்டா தண்ணி வடியிற மட்டும் அங்கனதான் கெடப்பேன். வீட்ல சோறு கொண்டாந்து இக்கரையில நின்னு ஏசுவா."

அடுத்து கரிமூட்டம் போடுகிற சண்முகத்தாய். "ஏ, வருமான்னு கேக்கான் பாரு! மூட்டத்த நான் எதுக்கு மேட்டுல போடுதேன்? பள்ளத்துல போட்டா அடிச்சுட்டுப் போயிரும். நொப்பும் நுரையுமா வரும். பாம்பு வரும், பனமரம் வரும், சில மட்டம் நாக்காலி கூட வரும்."

மூன்றாவது டீக்கடை ஞானதுரை. "ஓடை வந்துட்டா மினி பஸ் வராது. மினி பஸ் வராட்டி பால் வராது. அன்னைக்குப் பூரா கட்டங்காப்பிதான் போடுவேன். சனம் திட்டும்."

கூடலழகனுக்கு உள்ளுக்குள் ஒரு சலிப்பு. எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். வரும், வரும், வரும். பாவம், ஆசையைத்தான் சொல்கிறார்களே ஒழிய, கண்ணால் காண்கிற ஒன்றைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். மனதுக்குள் அவர்களுக்காக இரக்கப்படவும் செய்தார்.

நண்டு கண்ணைச் சிமிட்டியது. "மூன்று சாட்சியங்களிலும் நிகழ்கால வினை இல்லை. எதிர்காலம் மட்டுமே உண்டு. எதிர்பார்ப்பு ஆதாரம் அன்று. ஓடை இல்லை."

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஊரு பேரே ஓடைக்கரைப்பட்டிய்யா!"

"பெயர் ஆதாரம் அன்று" என்றது நண்டு.

"சார், உங்க குரல்ல பேசுது. நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றாள் மாரீஸ்வரி.

"என் குரல்தான். ஆனா என் பேச்சைக் கேக்காது."

"வீட்லயும் அப்படித்தானா?" என்று சண்முகத்தாய் கேட்க, அந்தக் கோபத்திலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். கூடலழகனும் சிரித்தார், வேறு வழியில்லாமல்.

பொழுது சாய்வதற்குள் சாட்சிகள் திரும்பப் பேசலாம் என்று விதியில் இடம் உண்டு. கூடலழகனுக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது. "சரி, நான் சொல்லித் தர்றேன். வரும்னு சொல்லாதீங்க. வருகிறதுன்னு சொல்லுங்க. எங்கே, எல்லாரும்."

"வருகிறது" என்றது ஊர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ராகம் போடுவதைப் போல.

சண்முகத்தாய் சேலையை உதறிச் செருகிக்கொண்டு நண்டின் முன்னால் போய் நின்றாள். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்களின் தோரணை வந்துவிட்டது. "நரிமறிச்சான் ஓடையில் நீர் பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருக்கிறது!"

நண்டு தன் கண்ணைத் திருப்பிப் பள்ளத்தைப் பார்த்தது. ஆடு நண்டைப் பார்த்தது. "நேரில் கண்டதற்கு முரண்" என்றது நண்டு. "பொய்ச் சாட்சி. முதல் எச்சரிக்கை."

"எடு செருப்ப! யாருலே பொய் சொன்னா?" என்று சண்முகத்தாய் பாய, இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

அழகர்சாமி வேறு வழி பார்த்தார். "போன வருசம் தீவாளி கழிச்சு வந்துச்சுய்யா. என் குட்டி ரெண்டு போச்சு."

"இறந்தகாலம். பழங்கதை."

"ஏனுங்க சார்" என்றான் கார்வேந்தன், தலையைச் சொறிந்துகொண்டு. "வந்துச்சுன்னா செத்துப்போச்சுங்கறீங்க. வருதுன்னா பொய்யிங்கறீங்க. வரும்னா ஆசைங்கறீங்க. அப்ப எப்படித்தானுங்க சொல்லோணும்?"

கூடலழகன் வாயைத் திறந்தார். "தொண்டை காயுது" என்று சமாளித்தார்.

ஞானதுரை டம்ளரில் டீயை ஊற்றினான். கோபம் இருந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான். "சார், சீனி?"

"நான் சீனி இல்லாமத்தான் குடிப்பேன்."

"எதிர்பார்ப்பு" என்றது நண்டு. "ஆதாரம் அன்று."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "சார் சீனி போடாமக் குடிக்கிறது பொய்யாம்லே!" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். "வீட்டுக்காரம்மாவக் கேட்டாத் தெரியும்!"

"ஏய், என்ன விளையாடுறியா?" கூடலழகனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சுகர் வந்த நாள்லருந்து நான் சீனி தொடுறதில்ல. எங்க போனாலும் சீனி இல்லாமத்தான் குடிப்பேன். இன்னைக்குக் காலையில கூட..."

அத்தோடு நின்றார். டம்ளர் கையில் அப்படியே இருந்தது.

குடிப்பேன். நாளைக்கு இல்லை. ஆசையும் இல்லை. என்றைக்கும் செய்கிற காரியம்.

அடேய் கூடலழகா, என்று அவருக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலும் நண்டின் குரல் மாதிரியே இருந்தது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறோமே, அது நாளைக்கு மட்டுமா உதிக்கும்? பசு புல் தின்னும் என்றால் இனிமேல்தான் தின்ன ஆரம்பிக்கப் போகிறதா? இந்த ஊரில் யாராவது, கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒன்றை, வழக்கமாக நடக்கிற ஒன்றை, 'வருகிறது' என்று சொல்வார்களா? எந்தத் தமிழன் சொல்வான்? வரும் என்றுதான் சொல்வான். நீயும் அப்படித்தான் பேசுகிறாய், உன் வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஒவ்வொரு ஊருக்கும் போகுமுன் நண்டுக்கு இலக்கணம் ஊட்டும்போது மட்டும் நீ பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாய். 'செய்யும் என்பது எதிர்காலம்' என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே ஊட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறாய்.

"என்ன சார், கசக்குதா?" என்றான் ஞானதுரை.

"தப்பு என்னோடது" என்றார் கூடலழகன். "நீங்க சரியாத்தான் சொன்னீங்க. மூணு பேரும். வரும்னா வருஷா வருஷம் வர்றதுன்னு அர்த்தம். நான் அதுக்கு எதிர்காலம்னு சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன்."

"அம்புட்டுத்தான?" மாரீஸ்வரியின் முகம் மலர்ந்தது. "மாத்திச் சொல்லிக் குடுத்துருங்க. பொழுது இன்னும் கெடக்கு."

கூடலழகன் நண்டின் பக்கம் குனிந்தார். "திருத்தலாமா?"

"திருத்தலாம்" என்றது நண்டு. "இலக்கணம் உங்களுடையது. பிழை என்று நீங்கள் அறிவிக்க வேண்டும். அறிவித்தால், இதே இலக்கணத்தில் நான் கேட்ட ஊர்கள் அனைத்தும் மறுபடி திறக்கப்படும். விசாரணை முடியும்வரை உங்கள் உரிமம் நிறுத்திவைக்கப்படும். விசாரணையில் பிழை உங்களுடையது என்று உறுதியானால் ரத்தாகும்."

"இந்த ஊருக்கு மட்டும்னு..."

"இயலாது."

எத்தனை ஊர்? நாற்பதுக்கு மேல் இருக்கும். தெற்குச் சீமையில் கரிசல் தொட்ட இடமெல்லாம் அவர்தான் போயிருந்தார். மண் ஆதாரம் போதாத ஊர் ஒன்றில்கூட நண்டு ஓடை கண்டதில்லை. கம்பெனிகள் அவரையே கேட்டு வாங்கின. 'சுத்தமான கை, இல்லாத ஓடையை உண்டாக்க மாட்டார்' என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. அது தன் நேர்மைக்குக் கிடைத்த பேர் என்று இத்தனை நாளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

கார்வேந்தன் அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனான். கெட்ட பையன் இல்லை அவன். "சார், எதுக்குங்க வம்பு? ரிப்போர்ட் இப்படியே இருக்கட்டும். நான் மேல பேசி, சும்மா ரோட்டுக்குன்னு சொல்லி ஒரு சின்னப் பாலம் வைக்கச் சொல்றேனுங்க. தண்ணி அதுல போயிரும்."

"மேல ஒத்துக்குவாங்களா?"

"பேசிப் பாக்கறேனுங்க" என்றான். அவனுக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

மாரீஸ்வரிக்குக் காது நன்றாகக் கேட்டது. "பேசிப் பாக்குற பாலத்துல தண்ணி போகுமா தம்பி?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடலழகனுக்குத் தாங்கவில்லை.

இருந்தாலும் மனது லேசில் அடங்குமா? அவருக்குள்ளே ஒரு குட்டி வக்கீல் எழுந்து வாதாடினான். ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான், இதெல்லாம் மேலே யாராவது பார்க்க வேண்டியது, இலக்கணப் புத்தகம் நான் எழுதியதா, நான் ஒரு குடை பிடிக்கிற ஆள்தானே. நல்ல வாதம்தான். தன்னைக் குறைத்துப் பேசுவது இவ்வளவு வசதியானது என்று கூடலழகனுக்கு அதுவரை தோன்றியதில்லை. மேடையில் அடித்த ஜோக்கெல்லாம் இந்த ஒரு நாளைக்காகத்தான் போல.

கிழக்குத் தெருக் கடைசி வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. சக்கர நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி மாரி! நண்டு என்ன சொல்லுது?"

மாரீஸ்வரி அந்தப் பக்கம் திரும்பினாள். கழுத்திலிருந்த நாடாவை இழுத்து இழுத்து விட்டாள். "சரியாயிரும்க்கா!" என்று கத்தினாள். கத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புழுதி என்று நினைத்துக்கொள்ளலாம், யாரும் அப்படி நினைக்கவில்லை.

கூடலழகன் குடையை மடக்கிக் கீழே போட்டார்.

"பிழையை அறிவிக்கிறேன்" என்றார். "செய்யும் என்கிற வினை, வழக்கமா நடக்கிறதையும் குறிக்கும். இலக்கணத்தை இப்பத் திருத்துறது கூடலழகன், நான்தான். தப்பாக் குடுத்ததும் நான்தான்."

"உறுதியா?" என்றது அவருடைய குரல்.

"உறுதி."

ஊரே நண்டைப் பார்த்தது. ஆடு மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

"மூன்று சாட்சியங்களும் வழக்கத்தைக் குறிக்கின்றன. ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. நரிமறிச்சான் ஓடை உண்டு. உயிருள்ளது."

விசில் பறந்தது. ஞானதுரை பிளாஸ்க்கோடு ஒரு சுற்று ஆடினான். சண்முகத்தாய், சற்று முன் தான் செருப்பெடுக்கப் பாய்ந்த அதே நண்டின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கார்வேந்தன் பெருமூச்சு விட்டு, "வேலியை நாளைக்கே தள்ளிருவோமுங்க" என்று போனை எடுத்தான். மாரீஸ்வரி கிழக்குத் தெருவைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தி ஆட்ட, அங்கிருந்தும் இரண்டு கைகள் ஆடின. பிறகு ஓடி வந்து கூடலழகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், நீங்க பெரிய ஆளு சார்!"

எத்தனையோ மேடைகளில் அவர் காத்துக் கிடந்த வார்த்தை. வந்தே விட்டது. ஐயோ, அதைக் கொஞ்சம் அனுபவிக்க விட்டிருக்கலாம்.

"திறக்கப்படும் முதல் ஊர்" என்றது நண்டு. "சின்னவாரியூர். பதிவான சாட்சியம் ஒலிக்கும். மதிப்பீட்டாளர் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்."

பெயரைக் கேட்டதும் மாரீஸ்வரி அவர் கையை விட்டுவிட்டாள். சின்னவாரியூரை யாருக்குத் தெரியாது? போன கார்த்திகையில், புதிதாகப் போட்ட மின்நிலையத்துக்குக் கீழே, விடிவதற்குள் ஒரு தெரு முழுக்கத் தண்ணீரோடு போனது. டிவியில் வாரக்கணக்கில் அதைத்தான் காட்டினார்கள். நிபுணர் என்று கூடலழகனையும் கூப்பிட்டிருந்தார்கள். 'யாருமே எதிர்பாராத வெள்ளம்' என்று அவர் சொன்னார். அந்தச் சட்டை தனக்கு நன்றாக இருக்கிறது என்று அந்தப் பேட்டியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது வேறு இப்போது ஞாபகம் வந்தது.

நண்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. வயது முப்பதுக்குள் இருக்கும். பின்னால் எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. "தண்ணியா? வரும் சார். கார்த்திகையில வரும். வந்தா இந்தா, இந்த வாசப்படி வரைக்கும் வரும்." ஒரு சிரிப்பு. "நாங்க புள்ளைகளத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்து மாடிக்குப் போயிருவோம். இப்பம் கண்ணாடி போடப்போறாங்களாமே, எந்தப் பக்கம் வரும்னு எங்களுக்கும் தெரியாதுல்ல சார்? நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அதற்குப் பதிலாக ஓர் ஆண் குரல், நிதானமாக, தமிழாசிரியரின் உச்சரிப்போடு ஒலித்தது. "சொல்லிடலாம்மா, சொல்லிடலாம். எல்லாம் இந்த நண்டு சொல்லும்." அது நண்டு பேசியது அல்ல. அன்றைக்கு அங்கே குடை பிடித்துக்கொண்டு நின்றவர் பேசியது.

ஒலி நின்றது. ஞானதுரை பிளாஸ்க்கின் மூடியைச் சத்தமில்லாமல் திருகினான். கூடலழகன் பள்ளத்தின் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் இப்போது இருக்கிறாளா, அந்தக் குழந்தை இருக்கிறதா என்று நண்டிடம் கேட்க நினைத்தார். கேட்கத் தைரியம் வரவில்லை.

"விசாரணைக்கு மதிப்பீட்டாளரின் வாக்குமூலம் தேவை" என்றது நண்டு. "பேசுங்கள்."

அவர் தொண்டையைச் செருமினார். எத்தனை மேடை பார்த்த ஆள். "நான்..." என்றார். "நான் சனங்க பேச்சைக் கவனமாக் கேப்பேன்."

"'கேட்பேன்': வழக்கத்தைக் குறிக்கும் வினை" என்றது நண்டு, புதிதாகக் கற்ற இலக்கணத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல். "சின்னவாரியூர்ப் பதிவோடு முரண்படுகிறது. ஏற்க இயலாது."

பின்வரிசையில் யாரோ பழக்கத்தில் சிரிக்கப் போய், பாதியில் அடக்கிக்கொண்டார்கள். இனிமேல் கேட்பேன் என்று உறுதி கொடுத்ததாகச் சொல்லியிருக்கலாம். அப்படியும் ஓர் அர்த்தம் உண்டு என்று சூத்திரம் காட்டி வாதாட அவரால் முடியும். அவர் வாதாடவில்லை. மாரீஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவங்க சொன்னாங்க" என்றார் கடைசியில். "நான் கேக்கல."

"ஏற்கப்பட்டது" என்றது அவருடைய குரல். "அடுத்த ஊர்."